அன்றாடத்தில் ஆண்டவன்: யூத மரபின் நெறிப்பள்ளிகளும் அளவுகோல்களும்

மனிதன் இறந்தபின் இறைவனின் மன்றத்தில் நிற்கும்போது முதலில் எந்தக் கேள்வி கேட்கப்படும்? யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் இதற்கு ஒரு பட்டியலே தருகிறது. நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவா என்ற அறிஞர் சொன்னது அது. கொடுக்கல் வாங்கலில் நாணயமாக நடந்தாயா என்பதே முதல் கேள்வி. திருநூலான தோராவைப் படிக்க நேரம் ஒதுக்கினாயா என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. தொழுகையும் நோன்பும் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

எடைக்கல்லைத் தொடும் கையில்தான் இறையச்சம் தெரியும் என்று நம்பிய மரபு இது. சினாய் மலையையும் செங்கடலையும் பத்துக் கட்டளைகளையும் விவிலியம் வழியே நாம் அறிவோம். அந்தப் பெருநிகழ்ச்சிகளுக்குப் பின்வந்த யூத ஆசான்களை ஓயாமல் உறுத்திய கேள்வி வேறு. முன்னோர் மலையடிவாரத்தில் ஒருமுறை உணர்ந்ததைச் சமையலறையிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் உணர்வது எப்படி?

1138இல் ஸ்பெயினின் கோர்தொபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்த மருத்துவர், தத்துவஞானி மைமோனிடிஸ் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவரிடம் ஆயிரம் பொற்காசு இருக்கிறது. அதை ஒரே ஆளுக்கு ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு காசாக ஆயிரம் முறையும் கொடுக்கலாம். பணம் ஒன்றுதான். ஆனால் கொடைக்குணம் வேரூன்றுவது இரண்டாம் வழியில்தான் என்றார் அவர். ஆயிரம் முறை கை நீளும்போது ஆயிரம் முறை மனம் தன் கஞ்சத்தனத்தை வெல்கிறது. ஒருமுறை மட்டும் அள்ளிக் கொடுத்தவரின் மனமோ மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர் எழுதிய 'செஃபர் ஹஹினூக்' என்ற நூலும் இதையே விதியாக வகுத்தது: செயல் போகும் பக்கம் உள்ளம் போகும்.

இந்த அடித்தளத்தை எந்த யூதப் பள்ளியும் மறுக்கவில்லை. எந்தச் செயலில் கை வைப்பது, எந்த மனநிலையோடு செய்வது, செய்தது சரியா என்று எதை வைத்து அளப்பது என்பதில்தான் அவை பிரிந்தன.

கண்விழித்தது முதல்

யூதரின் வழிபாடு படுக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. கண்விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்தவருக்கு நன்றி சொல்லும் 'மோதே அனி' என்ற சிறிய மொழி. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரையொட்டி வாழ்ந்த ரபி மோஷே இப்னு மாக்கிரின் நூலில் இது காணப்படுகிறது. கை கழுவுமுன் சொல்வது என்பதால் இறைவனின் பெயர் அதில் கிடையாது. அடுத்து, ஒரு குவளையில் நீர் மொண்டு வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி மும்முறை ஊற்றுவார்கள். கழிவறைக்குப் போய் வந்த பிறகும் ஒரு துதிமொழி உண்டு. உடலின் திறப்புகளும் குழாய்களும் ஒழுங்காக இயங்குவதற்கு நன்றி கூறும் அதைத் தல்மூத் காலத்து அறிஞர் அபாயே வகுத்தார். கழிவறை வாசலிலும் இறைவனை நினைக்கக் கூச்சப்படாத மரபு இது.

சாப்பாட்டுக்கு வந்தால் விதிகள் இன்னும் நுணுக்கமாகின்றன. துதிமொழி சொல்லாமல் இவ்வுலகின் எதையும் அனுபவிப்பது உரிமையில்லாத பொருளை எடுப்பதற்குச் சமம் என்பது தல்மூதின் நிலை. ரொட்டிக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று, மரத்தில் காய்த்ததற்கு ஒன்று, நிலத்தில் விளைந்ததற்கு ஒன்று, நீர், மீன், பால் போன்றவற்றுக்கு ஒன்று. மாம்பழத்தைக் கையில் எடுப்பவர் மரத்தின் கனியைப் படைத்தவரைப் போற்றுவார். வாழைப்பழத்துக்கு அது செல்லாது. குலை தள்ளியதும் மடிந்து, அடுத்த ஆண்டு கிழங்கிலிருந்து புதிதாகக் கிளம்பும் வாழை, யூதச் சட்டத்தின் கண்ணில் மரமே அல்ல. எனவே அதற்கு நிலத்தின் விளைச்சலுக்கான துதிமொழிதான். சோற்றுக்குக் கிழங்கு, காய்களைப் போலன்றித் தானிய உணவுக்குரிய மொழியைச் சொல்வார்கள். வாயில் போடுமுன் ஒரு நொடி நின்று, இது எங்கிருந்து வந்தது, எப்படி விளைந்தது என்று எண்ணிப் பார்த்தாலொழிய எந்தத் துதிமொழி என்று முடிவுசெய்ய முடியாது. அந்த ஒரு நொடி நிறுத்தம்தான் இதன் பயன்.

நாள் ஒன்றுக்கு நூறு துதிமொழி என்பது இரண்டாம் நூற்றாண்டு ரபி மெயிரின் பெயரால் வரும் கணக்கு. வாரநாளில் இது தானாகவே நிறைந்துவிடும். நின்றபடி சொல்லும் அமிதா தொழுகையில் 19 துதிமொழிகள். மூன்று வேளைக்கு 57. ஓய்வுநாளான சபாத்தில் அந்தத் தொழுகை ஏழு துதிமொழிகளாகச் சுருங்கிவிடுகிறது. குறைவதை ஈடுகட்டப் பழங்களையும் இனிப்புகளையும் நறுமணப் பொருள்களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் துதி சொல்வது பக்தர்களின் வழக்கம். பட்டினி கிடந்து எண்ணிக்கையை நிரப்பச் சொல்லாமல், சுவைத்து நிரப்பச் சொல்கிறது சட்டம்.

அடுப்படியின் சட்டம்

இந்த மரபின் கணிசமான முடிவுகள் அடுப்படியில் எடுக்கப்படுபவை; எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரிய அளவில் மாவு பிசையும்போது அதிலிருந்து ஒரு சிறு உருண்டையைக் கிள்ளித் தனியே எரித்துவிட வேண்டும். எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் குருக்களுக்குப் போன பங்கின் நினைவு அது. ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டது, உருண்டையைக் கிள்ளும் வழக்கம் நிற்கவில்லை.

இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. பாத்திரங்கள்கூடத் தனித்தனி. இறைச்சி உண்டபின் பாலுணவுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பல சமூகங்களில் ஆறு மணி நேரம். ஜெர்மானிய யூதர்களுக்கு மூன்று. ஹாலந்து யூதர்களுக்கு ஒன்று. தன் குடும்பத்தின் வழக்கம் எதுவோ அதைக் கைக்கொள்ள வேண்டும். வசதிக்காக இன்னொருவரின் வழக்கத்துக்குத் தாவுவதை ஆசான்கள் விரும்பவில்லை.

சபாத் நாளில் தவிர்க்கவேண்டிய வேலை வகைகள் 39. அவற்றுள் ஒன்று, வேண்டாததைப் பொறுக்கி எடுத்துப் பிரிப்பது. சபாத் மேசையில் ஒரு தட்டில் முள்ளோடு மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தால் அது தடைசெய்யப்பட்ட வேலை. மீனின் சதையைக் கையால் எடுத்து உடனே உண்டால் குற்றமில்லை. கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் முள் நீக்கி அரைத்து உருண்டை பிடித்த மீன் சபாத் உணவாகப் பரவியதற்கு இந்த விதியையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வேண்டாததைத் தேடித் திரியாமல் வேண்டியதை எடு என்று விரலுக்குக்கூட வாரம் ஒருநாள் பயிற்சி கிடைத்துவிடுகிறது.

இந்த வகை விதிகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மகாராட்டிரத்தின் கொங்கணக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமையில் மட்டும் அவர்களின் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். உலகின் மற்ற யூதர்களோடு நெடுங்காலம் தொடர்பில்லாமல் இருந்த அந்தச் சமூகத்தின் அடையாளத்தைக் காத்த வழக்கங்களுள் ஒன்று, வாரம் ஒருநாள் செக்கை நிறுத்துவது என்ற முடிவு.

ஹில்லேலும் ஷம்மாயும்

அன்றாடத்தை எப்படிப் புனிதமாக்குவது என்ற விவாதம் கிறித்து பிறப்பையொட்டிய காலத்திலேயே சூடாக நடந்தது. ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு ஆசான்களின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஷம்மாய் வாரத்தின் எந்த நாளில் நல்ல ஆட்டைக் கண்டாலும் அதைச் சபாத்துக்கு என்று எடுத்துவைப்பார். அதைவிட நல்லது கிடைத்தால் முதலாவதை உண்டுவிட்டு இரண்டாவதை எடுத்துவைப்பார். வாரம் முழுவதும் அவர் உண்டது சபாத்தை நோக்கித்தான். ஹில்லேலின் வழி வேறு. அன்றன்றைக்கு வேண்டியதை இறைவன் அன்றன்றைக்கு அருள்வான் என்று, செய்தது எதையும் அந்தந்த நாளிலேயே இறைவனுக்கு உரியதாக்கினார். ஒருமுறை சீடர்களிடமிருந்து விடைபெற்றுக் கிளம்பியவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறேன் என்றார் அவர். போன இடம் குளியலறை. அரசனின் சிலையைத் துடைக்கவே ஆள் வைத்துப் போற்றும்போது, இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட உடலைத் தூய்மையாக வைப்பது கடமையல்லவா என்பது அவர் வாதம்.

ஹனுக்கா விளக்கிலும் இரு பள்ளிகளும் மோதின. எட்டு நாள் திருவிழாவில் முதல்நாள் எட்டு விளக்கேற்றி நாளுக்கு ஒன்றாகக் குறைத்து வா என்றது ஷம்மாய் பள்ளி. ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் கூட்டு என்றது ஹில்லேல் பள்ளி. புனிதத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக்கூடாது என்பது அது சொன்ன காரணம். இன்று உலகெங்கும் யூத வீடுகளில் விளக்கேறுவது ஹில்லேல் சொன்னபடிதான்.

உறுப்பின் கடமையும் உள்ளத்தின் கடமையும்

விதி பெருகினால் பழக்கம் தடிக்கும். பழக்கம் தடித்தால் உள்ளம் தூங்கிவிடும். உதடு அருகிலும் நெஞ்சு தொலைவிலும் இருக்கும் வழிபாட்டை ஏசாயா தீர்க்கதரிசி அன்றைக்கே கண்டித்தார். இடைக்காலத்தில் இந்த நோய்க்கு முதலில் முழுமையான மருந்து எழுதியவர் 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சரகோசாவில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா. 'உள்ளங்களின் கடமைகள்' என்ற தம் நூலை அவர் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். கையும் காலும் செய்யவேண்டியதற்கு எத்தனையோ சட்டநூல்கள் இருக்க, நன்றியுணர்வு, நம்பிக்கை, பணிவு போன்ற உள்ளத்தின் கடமைகளுக்கு நூல் இல்லையே என்பது அவர் குறை. பத்து வாயில்களாக அமைந்த அந்த நூலின் எட்டாம் வாயில் தன்னைத்தானே கணக்குப் பார்ப்பது பற்றியது. இஸ்லாமியத் துறவியரின் எழுத்துகளிலிருந்தும் பஹ்யா தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

மைமோனிடிஸ் இதை நடத்தையின் இலக்கணமாக்கினார். குணங்களில் நடுவழியே சிறந்தது. உண்பதும் உறங்குவதும்கூட இறைவனை அறிய உடலை நலமாக வைத்திருக்கும் நோக்கோடு நடந்தால் அவையே வழிபாடு. தன்னையும் உலகையும் சரிபாதி நன்மை, சரிபாதி தீமை என்று எப்போதும் எண்ணிக்கொள். அடுத்து நீ செய்யப்போகும் ஒரு செயல் தராசைச் சாய்த்துவிடும் என்றார். சின்ன முடிவுக்கு இதைவிடப் பெரிய எடை வேறெவரும் வைக்கவில்லை. வீட்டில் தனியே இருப்பவன் உட்காரும் முறையும் அரசன் முன்னிலையில் உட்காரும் முறையும் வேறாக இருப்பதை எடுத்துக்காட்டி, இறைவன் முன்னிலையில் இருப்பதாக உணர்பவனின் நடை எப்படி மாறும் என்றும் விளக்கினார். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரின் யோசேப் காரோ யூதச் சட்டத் தொகுப்பான 'ஷுல்ஹான் அருக்' நூலை எழுதியபோது, கிராகோவின் மோஷே இசர்லிஸ் அதற்கு எழுதிய குறிப்புரையின் முதல் பத்தியிலேயே மைமோனிடிசின் இந்தக் கருத்தை எடுத்துவைத்தார். எப்படிப் படுத்து எழுவது என்ற சட்டத்தின் வாசலிலேயே இறையுணர்வு நிற்கிறது.

அதே சஃபேத்தில் வாழ்ந்த, கபாலா என்னும் யூத மறைஞான மரபின் ஞானி மோஷே கோர்தொவேரோ, இறைவனின் பதின்மூன்று இரக்கக் குணங்களை மனிதன் நாள்தோறும் பின்பற்றுவது எப்படி என்று 'தோமெர் தெவோரா' என்ற சிறுநூலில் எழுதினார். பாவம் செய்யும் கையை, அது பாவம் செய்யும் அந்த நொடியிலும் இறைவன் இயக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அப்படியிருக்க, உன்னை அவமதித்தவனுக்கு நீ செய்துவந்த உதவியை ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்கிறது அந்நூல். 1740இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான மோஷே ஹயிம் லுத்சாத்தோவின் 'மெசிலத் யெஷாரிம்' இந்த வழியை ஏணிப்படிகளாக அடுக்கியது. முதல்படி விழிப்பு, அடுத்தது சுறுசுறுப்பு, பிறகு தூய்மை என்று ஏறி, உச்சியில் புனிதநிலை. இதில் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததை நினைவூட்டுகிறேன் என்று முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். தெரிந்ததைத்தான் மனிதர் மறக்கிறார்கள் என்ற அவர் கணிப்பு இன்றும் பிழைபடவில்லை.

ஹசிதியர்: மகிழ்ச்சியின் பள்ளி

18ஆம் நூற்றாண்டு உக்ரைனில், மெஜிபோஜ் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு பால் ஷெம் தோவ் தொடங்கிய ஹசிதிய இயக்கம் எளிய மக்களிடம் நேராகப் போனது. இறைவன் இல்லாத இடமே இல்லை என்றால், வண்டியோட்டுவதிலும் சாராயம் விற்பதிலும் பாட்டிலும் நடனத்திலும் அவரைத் தொழலாம் அல்லவா? உண்ணுதல், உழைத்தல் போன்ற உடல்சார் செயல்கள் வழியாகவே இறைவனை அடைவது அவர்களின் சிறப்பு நெறி. மெசெரிச் ஊரில் இருந்த பெரிய குருவிடம் தோரா கேட்கப் போகவில்லை, அவர் காலணியின் கயிற்றை எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்கப் போனேன் என்று ஒரு சீடர் சொன்னதாக ஹசிதியர் சொல்லும் கதை புகழ்பெற்றது.

இயக்கத்துக்குள்ளும் கிளைகள். லியாதி ஊரின் ஷ்னெயுர் ஸல்மான் 1796இல் 'தன்யா'வை வெளியிட்டு, ஹபாத் கிளைக்கு அறிவின் அடித்தளமிட்டார். முற்றும் தூயவனாவது சிலருக்கே வாய்க்கும். ஆசை உள்ளே கொந்தளித்தாலும் செயலிலும் சொல்லிலும் எண்ணத்திலும் அதற்கு இடம் கொடுக்காத இடைநிலை மனிதனாவது யாருக்கும் எந்த நேரமும் இயலும் என்றார். பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரரான பிரெஸ்லவ் நக்மன் (1772–1810) சொன்ன பயிற்சி இன்னும் எளிது. நாள்தோறும் தனியிடம் போ. உன் தாய்மொழியில், மனதில் உள்ளதை இறைவனிடம் நண்பனிடம் பேசுவதுபோல் பேசு. பேச ஒன்றும் வரவில்லையென்றால் அதையே அவரிடம் சொல்.

இந்த உற்சாகத்தை வில்னா நகரின் பேரறிஞர் எலியா ஏற்கவில்லை. 1772இல் ஹசிதியருக்கு எதிராக விலக்காணை வந்தது. அவருடைய சீடர் வொலோஜின் ஹயிம் பின்னாளில் நிதானமாக வாதிட்டார். மனம் கனியட்டும் என்று காத்திருந்து தொழுகை வேளையைத் தவறவிடுவது சரியல்ல. உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் கட்டளையை உரிய நேரத்தில் செய்வதே முதல் கடமை. உள்ளமா, செயலா என்ற பழைய வழக்கில் இது எதிர்த்தரப்பின் வலுவான வாதம்.

முசார்: குணத்தைச் செதுக்கும் பள்ளிகள்

வொலோஜின் ஹயிமின் மாணவர் சலாந்து ஊரின் சுந்தெல். ரபி பதவியை ஏற்காமல் எளிய வணிகராக வாழ்ந்த அவரைப் பார்த்து வளர்ந்தவர் இஸ்ரேல் சலாந்தர் (இறப்பு 1883). 1840களில் வில்னாவில் அவர் தொடங்கிய முசார் இயக்கம், குணப்பயிற்சியைத் தனிப் பாடமாக்கியது. தல்மூதில் கரைகண்டவனும் கோபத்தில் கத்துகிறான், கணக்கில் ஏமாற்றுகிறான் என்றால் அறிவு உள்ளே இறங்கவில்லை என்றுதானே பொருள்? நெறிநூலின் வரிகளை உணர்ச்சியோடு, இசைத்து, திரும்பத் திரும்ப ஓதி உள்ளே இறக்கவேண்டும் என்றார் அவர். அதற்கென்றே முசார் வீடுகள் எழுந்தன.

அவர் மறுபதிப்புக்கு ஊக்கம் தந்த நூல்களுள் ஒன்று 1808இல் மெனாஹெம் மெண்டல் லெஃபின் எழுதிய 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்'. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தமக்கென வகுத்த முறைதான் அதன் அச்சு. பதின்மூன்று குணங்கள், வாரத்துக்கு ஒன்று. கட்டம் போட்ட தாளில் அன்றன்றைய தவறுகளைக் குறித்து வந்தால் ஆண்டுக்கு நான்கு சுற்று. ஃபிலடெல்ஃபியா அச்சுக்காரரின் தன்முன்னேற்ற முறை லித்துவேனிய யூத மாணவர்களின் இறைநெறியானது சமய வரலாற்றின் சுவையான பயணங்களுள் ஒன்று.

சலாந்தரின் வழிவந்தவர்கள் மூன்று பள்ளிகளாகப் பிரிந்தார்கள். கெல்ம் பள்ளியின் சிம்ஹா ஸிசெல் (1824–1898) ஒழுங்கை வலியுறுத்தினார். பொருள்களை அடுக்கும் முறையிலும் நடையிலும் பேச்சிலும் அவசரம் கூடாது. மற்றவரின் சுமையை மனதில் கற்பனை செய்து தானும் சுமப்பதை முதன்மைப் பயிற்சியாக வைத்தார். ஸ்லபோத்காவின் நோசன் ஸ்வி ஃபிங்கெல் (1849–1927) மனிதனின் பெருமையை முன்வைத்தார். நீ இறைவனின் சாயல் என்பதை உணர்ந்தால் சிறுமையில் எப்படி இறங்குவாய் என்று கேட்டார். அவர் மாணவர்கள் நேர்த்தியாக உடுத்தவேண்டும் என்பதும் இந்தக் கொள்கையின் ஒரு பகுதி. நோவர்தோக்கின் யோசெஃப் யோசெல் ஹோரோவிட்ஸ் (1847–1919) நேர் எதிர்ப்பக்கம் நின்றார். ஊர் என்ன நினைக்கும் என்ற அச்சத்தை உடைப்பதே அவர் பாடம். அவருடைய மாணவர் மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார். கடைக்காரர் முறைப்பார், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே அமைதியாக நின்று திரும்புவதுதான் அன்றைய பயிற்சி.

இதே லித்துவேனிய வட்டாரத்தில், ராதின் ஊரில் சிறு மளிகைக்கடை வருமானத்தில் வாழ்ந்த இஸ்ரேல் மெயிர் ககன், 1873இல் 'ஹஃபெத்ஸ் ஹயிம்' என்ற நூலை வெளியிட்டார். புறங்கூறுதலை அவர் வெறும் அறவுரையாக விடாமல், சபாத் சட்டம்போல் பிரிவு பிரிவாக வகுத்தார். உண்மையாகவே இருந்தாலும் ஒருவரின் குறையைச் சொல்லலாமா, கூட்டுத் தொழிலில் ஏமாறப்போகிறவரை எச்சரிக்கலாமா, என்னென்ன நிபந்தனைகளோடு என்றெல்லாம் விரிகிறது நூல். நாக்கின் ஒவ்வொரு அசைவும் ஒரு முடிவு என்பதை இவரைப்போல் சட்டமாக்கியவர் எவருமில்லை. பெண்களுக்கு இந்தக் கல்வி கிடைக்காத குறையை 1917இல் கிராகோவில் தையற்பெண் சாரா ஷெனிரெர் தொடங்கிய பள்ளி இயக்கம் போக்கியது.

எது என் போர்முனை?

கெல்மில் பயின்று, பின்னர் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டிலும் இஸ்ரேலின் ப்னே ப்ராக்கிலும் கற்பித்த எலியாகு டெஸ்லர் (1892–1953) இந்தப் பள்ளிகள் அனைத்தின் சாரத்தையும் ஒரே கருத்தில் அடக்கினார். மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் எப்போதும் இல்லை. இரு படைகள் மோதுவது போர்முனையில் மட்டும்தான். முனைக்குப் பின்னால் உள்ள நிலம் ஏற்கெனவே வென்றது. முன்னால் உள்ளது இன்னும் பகைவன் கையில். திருடர் நடுவே வளர்ந்தவனுக்குத் திருடுவதா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. அகப்படும்போது உயிரைப் பறிப்பதா என்பதில்தான் அவன் தடுமாறுகிறான். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவருக்கோ திருடாமல் இருப்பதில் பெருமை எதுவும் இல்லை. அது அவர் வென்ற நிலம் அன்று, பெற்றோர் வென்று கொடுத்தது. அவருடைய போர்முனை ஒரு கடுஞ்சொல்லிலோ ஒரு சின்னப் பொய்யிலோ இருக்கலாம். முனையில் ஒருமுறை வென்றால் முனையே நகர்கிறது; நேற்று கடினமாக இருந்தது இன்று இயல்பாகிறது.

எருசலேமின் ஷ்லோமோ வோல்பே (1914–2005) இதைச் செயல்முறையாக்கினார். பயிற்சி மிகச் சிறியதாக இருக்கட்டும் என்றார் அவர். உள்ளிருக்கும் எதிர்ப்பு விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சிறியது; ஆனால் தவறாமல், நாள்தோறும். மலையைப் புரட்டுவேன் என்று எடுக்கும் உறுதிமொழி இரண்டு வாரம் தாங்காது என்பது அவர் அனுபவம்.

சீர்திருத்த யூதம் என்ற பெரும்பிரிவு இந்த வினாவை வேறுவிதமாக அணுகியது. 1885இல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய அதன் ரபிகள் உணவுச் சட்டங்கள் இக்கால ஆன்மிகத்துக்கு உதவாதவை என்று அறிவித்து, அறநெறியை மட்டும் கட்டாயமாக்கினர். 1999இல் அதே நகரில் வெளியிட்ட அறிக்கையில், பழைய கட்டளைகளில் தனக்குப் பொருள்படுபவற்றை ஒவ்வொருவரும் மீண்டும் ஆராய்ந்து ஏற்கலாம் என்று வாசலைத் திறந்தனர். வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஆபிரகாம் யோசுவா ஹெஷெல், சபாத்தைப் பற்றி 1951இல் எழுதிய நூலிலும், 1965இல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்த உரிமைப் பேரணியிலும், சடங்கு, அறம் என்ற இரு கரையையும் இணைத்தார்.

அளவுகோல்கள்

இத்தனை பள்ளிகள் இருந்தும் ஒருவரின் இறையுணர்வு வளர்கிறதா என்று அளக்க இவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கோல்கள் சில உண்டு.

முதலாவது, நோக்கம். கட்டளையை அதற்காகவே செய்வது உயர்வு. ஆனால் தல்மூத் இரக்கமுள்ளது: புகழுக்காகவோ பலனுக்காகவோ தொடங்கினாலும் தொடங்கு, செய்யச் செய்யத் தூய நோக்கம் வந்து சேரும் என்கிறது.

இரண்டாவது, ஆரவாரமின்மை. கட்டாயமில்லாத கடுமையைப் பலர் பார்க்கக் கடைப்பிடிப்பதைச் சட்டநூல்களே அகந்தை என்று கண்டிக்கின்றன.

மூன்றாவது, என் பக்திக்கு விலை கொடுப்பவர் யார் என்பது. இதைச் சலாந்தரைப் பற்றிய இரு கதைகள் நன்றாகக் காட்டுகின்றன. உணவுக்கு முன் நிறையத் தண்ணீர் விட்டுக் கை கழுவுவது சிறப்பு. அவரோ ஒரு வீட்டில் சட்டம் கேட்கும் குறைந்த அளவே பயன்படுத்தினார். காரணம் கேட்டபோது, கிணற்றிலிருந்து வாளி சுமந்து வரும் வேலைக்காரப் பெண்ணைச் சுட்டிக்காட்டினார். பெசாக் பண்டிகைக்குப் புளிப்பற்ற ரொட்டி சுடும் இடத்தை மேற்பார்க்கப் போன சீடர்கள் எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று கேட்டதற்கு, மாவு பிசையும் கைம்பெண்ணிடம் அவசரத்தில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

நான்காவது, பணம். இரண்டாம் ஆலயக் காலத்து ஆசான் ஷிமோன் பென் ஷெதாக் ஓர் அயலாரிடம் கழுதை வாங்கினார். அதன் கழுத்தில் ஒரு மணிக்கல் தொங்குவதைச் சீடர்கள் கண்டு, இனி உங்களுக்குப் பாடுபடும் தேவையில்லை என்று மகிழ்ந்தார்கள். கழுதையைத்தான் வாங்கினேன், கல்லை வாங்கவில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார் அவர். பெற்றுக்கொண்டவர் ஷிமோனின் இறைவனைப் போற்றினார் என்கிறது மரபுக் கதை. ஒரு வேற்று மதத்தார் வாயில் இறைவனுக்குப் புகழ் வரச் செய்வதுதான் யூத மரபு இறைவனின் பெயரைப் புனிதப்படுத்துவது என்று சொல்வது.

ஐந்தாவது, சக மனிதரோடு கணக்கை முடிப்பது. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் நோன்பு இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பிழையைப் போக்கும். அயலாருக்குச் செய்த பிழையை, அவரைத் தேடிப் போய்ச் சமாதானம் செய்யும்வரை போக்காது என்று தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா தீர்த்துச் சொல்கிறது.

இந்த அளவுகோல்களைப் பயிற்றுவித்த கெல்ம், ஸ்லபோத்கா உள்ளிட்ட லித்துவேனிய ஊர்களின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1941இலிருந்து நாஜிகளாலும் அவர்களின் உள்ளூர்த் துணைவர்களாலும் கொல்லப்பட்டார்கள். வார்சா கெட்டோவில் அடைபட்ட ஹசிதிய ஆசான் பியாசெச்னோ கலோனிமுஸ் ஷபிரா, வாரந்தோறும் ஆற்றிய உரைகளை எழுதிப் புதைத்துவைத்தார். 1943இல் அவர் கொல்லப்பட்டார். எழுத்துகள் போருக்குப் பின் இடிபாடுகளில் கிடைத்தன. லித்துவேனியப் பள்ளிகளிலிருந்து தப்பிய மாணவர்கள் எருசலேமிலும் ப்னே ப்ராக்கிலும் கேட்ஸ்ஹெட்டிலும் நியூயார்க்கிலும் பள்ளிகளை மீண்டும் தொடங்கினார்கள். முசார் இன்று சீர்திருத்த யூதரிடையேயும் படிக்கப்படுகிறது.

எந்த மதத்தைச் சேர்ந்த வாசகரும் இந்த மரபிடம் ஒரு பாடத்தைக் கடன் வாங்கலாம். பெரிய விரதத்தை இன்று தொடங்க வேண்டாம். நீங்கள் உண்மையிலேயே தடுமாறும் ஒரு சின்ன இடத்தைக் கண்டுபிடியுங்கள். சில்லறை கொடுக்கும்போதா, வேலையாளிடம் பேசும்போதா, இல்லாதவரைப் பற்றிப் பேச்சு எழும்போதா என்று பாருங்கள். அந்த ஒன்றில் மட்டும், அதுவும் யாருக்கும் சொல்லாமல், நாள்தோறும் சரியானதைச் செய்து வாருங்கள். அதன் செலவு வேறொருவர் தோளில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.